அக்கரைக் கூரையில் ஒரு பேரன்

"நான் ஒண்ணும் அந்த வீட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கல. மொத்தக் கரையையும் பாத்தேன். அந்த வீடும் கரையிலதான் இருக்கு. அதுக்கு நான் என்ன பண்றது?"

கதம்ஷோ இதைச் சொன்னபோது அவருடைய மனைவி ஸவ்ரி அடுப்படியில் குனிந்திருந்தாள். அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை. பால் தேநீரில் உப்பும் வெண்ணெயும் போட்டு, காய்ந்த ரொட்டியைப் பிட்டுப் போட்டு, கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சரி," என்றாள்.

"என்ன சரி?"

"மொத்தக் கரையையும் பாத்தீங்க. சரி."

"இன்னிக்கும் அந்த ஆளு விடிஞ்சும் விடியாம கூரைமேல ஏறிட்டான். கையில மூட்டையத் தூக்கிக்கிட்டு. என்னைப் பாத்துத் தூக்கித் தூக்கிக் காட்டுறான்."

"அது மூட்டை இல்ல, லால்மோ அப்பா. நம்ம பேரன்."

"எனக்கு எப்படித் தெரியும்? யாராவது வந்து சொன்னாங்களா?"

ஸவ்ரி ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள். ஏழு நாளாக இதே பேச்சு. பேரன் பிறந்ததைக் கொண்டாட வேண்டிய வீட்டில் ஏழு நாளாக இனிப்புப் பேச்சு இல்லை, இதுதான் இருந்தது.

மலைகளுக்கு நடுவே ஓடும் பஞ்ச் ஆறு அந்த இடத்தில் அவ்வளவு அகலம் இல்லை. நல்ல கை இருந்தால் கவண்கல் அக்கரைக்குப் போய் விழும். கோடையில் மட்டும் ஆற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. இரண்டு கரையிலும் ஒரே சனம், ஒரே பேச்சு, உலர்ந்த மல்பெரிப் பழத்தை இடித்த ஒரே மாவு. கதம்ஷோ இக்கரையில் பிறந்தார். யோர்மமத் அக்கரையில் பிறந்தார். கோளாறு அங்கேயே தொடங்கியது.

இரண்டு பேருக்கும் ஒரே தொழில். ஆட்டுத்தோல்களை ஊதி, கழிகளில் வரிசையாகக் கட்டி மிதவை செய்து, ஆட்களையும் உப்பையும் இக்கரைக்கும் அக்கரைக்கும் கடத்துவது. கதம்ஷோ நல்ல மிதவைக்காரர். தண்ணீரின் முதுகைப் பார்த்தே அடியில் பாறை எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் கரையில் வந்து நிற்கிற வழிப்போக்கன் எவனாக இருந்தாலும் அவன் வாயில் முதலில் வருவது "யோர்மமத்!" என்ற பெயர்தான். யோர்மமத்துக்குப் பெரிய குரல், அகலமான தோள், ரபாப் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கத் தெரியும், மிதவையில் பாடிக்கொண்டே துடுப்புப் போடுவார். கதம்ஷோ மிதவையில் பேசமாட்டார், எண்ணிக்கொண்டு வருவார். அலையை எண்ணுவார், பறவையை எண்ணுவார், ஏறியவன் எத்தனை தடவை தும்மினான் என்று எண்ணுவார். யாருக்கு அது பிடிக்கும்?

இருபத்தாறு வயதில் ஒரு நாள் மத்தியானம், யோர்மமத் நிழலில் தூங்கும்போது, கதம்ஷோ கோணி தைக்கிற ஊசியை எடுத்துப்போய் அவருடைய மிதவையின் தோல் ஒன்றில் குத்திவிட்டு வந்தார். ஒரே ஒரு குத்து. காற்று மெதுவாக இறங்கும், நனைந்து போவான், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். நடு ஆற்றில் தோல் மொத்தமாகச் சுருங்கி மிதவை கவிழ்ந்தது. யோர்மமத்துக்கு நீச்சல் தெரியும், ஆனால் கழி காலில் மாட்டிக்கொண்டது. கதம்ஷோ யோசிக்கவே இல்லை. குதித்தார். பனி கரைந்து வரும் தண்ணீரில் அரை மைல் அடித்துக்கொண்டு போய், தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உண்மையான தண்டனை. யோர்மமத் சாகும்வரை நன்றி மறக்காத ஆள். சந்தையில், கல்யாணத்தில், சாவு வீட்டில், எங்கே பார்த்தாலும் கதம்ஷோவின் கையைப் பிடித்து முத்தமிட்டு, "இந்தக் கைதான் எனக்கு உசிரு குடுத்தது," என்று அந்தப் பெரிய குரலில் சொல்வார். கதம்ஷோ கையை உருவிக்கொள்ளப் பார்ப்பார். கடைசியில் அந்த நன்றியிலேயே யோர்மமத் தன் மகனுக்கு இவருடைய மகள் லால்மோவைப் பெண் கேட்டு வந்தார். எப்படி மறுப்பது? என்ன காரணம் சொல்வது? லால்மோ மிதவையில் ஏறி அக்கரைக்குப் போனாள். யாருடைய மிதவை? யோர்மமத்துடையதுதான்.

பிறகு புரட்சி மலைமேல் ஏறி வந்தது. வடக்கே ருஷ்ய ராஜா போனார், பொகாராவில் அமீர் போனார், அவருடைய ஆட்கள் குதிரையோடு ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போனார்கள். போனவர்கள் அடிக்கடி திரும்பி வந்து வெட்டிவிட்டுப் போனார்கள். அவர்களை பாஸ்மாச்சி என்றார்கள். புதிய அரசு ஆற்றோரம் காவல் முகாம் போட்டது. முதல் வேலையாக எல்லா மிதவைத் தோல்களையும் குவித்துக் கத்தியால் கிழித்தார்கள். ஆறு எல்லையானது, அன்றைக்கே மூடப்பட்டது. ஆற்றை எப்படி மூட முடியும் என்று ஊரில் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்து யாரும் சிரிக்கவில்லை.

தொழில் போன கதம்ஷோவை முகாம் கண்டுபிடித்தது. கமாண்டர் லுகீன் ஒல்லியான ஆள், சரியாகத் தூங்காத கண். கீழ்முகாமில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய ஆட்கள் ஆறு பேரை பாஸ்மாச்சிகள் கழுத்தறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்கரையில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளன் ஸாபிர் ஃபெர்கானா சமவெளிக்காரன், மலைப் பழக்கம் தெரியாதவன், வாய் மட்டும் நீளம்.

"பெரியப்பா, அக்கரையில சொந்தம் உண்டான்னு கமாண்டர் கேக்குறாரு."

"இந்த ஊர்ல யாருக்குத்தான் இல்ல? ஒரு மக இருக்கா."

எந்த வீடு என்று அவர்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வாதுமைத் தோப்பின் ஓரத்தில் ஒரு பாறை. அதுதான் அவருக்கு அலுவலகம். அங்கே உட்கார்ந்தால் அக்கரையின் பதினெட்டுக் கூரையும் தெரியும். ஒவ்வொரு கூரையிலும் நடுவில் ஒரு திறப்பு, அதிலிருந்து புகை. கதம்ஷோ புகையைப் படிப்பார். மல்பெரி விறகு நீலமாகப் போகும், அது தினசரி ரொட்டி. வறட்டிப் புகை மஞ்சளாகத் தடித்து வரும், அது நீண்ட சமையல், கறி வேகிறது, விருந்தாளி வந்திருக்கிறான். கூரையில் காயும் கம்பளிக் காலுறைகளின் நிறத்தைப் பார்த்து வந்தவன் எந்தப் பள்ளத்தாக்கு என்று சொல்லுவார். எழுதத் தெரியாது. அதனால் ஒரு பழைய காலுறையில் கூழாங்கற்கள் போட்டுவைப்பார். ஆளுக்கு வெள்ளை, குதிரைக்குக் கறுப்பு, துப்பாக்கிக்குச் சிவப்பு. சாயங்காலம் முகாமுக்குப் போய் மேசைமேல் கொட்டுவார். பதிலுக்குத் தேயிலைக் கட்டி, தீப்பெட்டி, உப்பு. அவர் கல் ஒரு நாளும் தப்பியதில்லை. அவருக்கு ஒரே ஒரு குறைதான். லுகீன் கழுத்தில் தொங்குகிற தூரக்கண்ணாடியை ஒரு தடவை கேட்டார். "உனக்கு எதற்கு, உன் கண்ணே போதும்," என்றார் லுகீன். பாராட்டுதான். கதம்ஷோவுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்த மூன்று வெடி.

ஏழு நாளைக்கு முன்னால், சூரியன் மலையைத் தாண்டும் நேரம், யோர்மமத் வீட்டுக் கூரையிலிருந்து மூன்று தடவை துப்பாக்கி வெடித்தது. ஆற்றின் இரு கரையிலும் பிறந்த யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆண்பிள்ளை. ஸவ்ரி மாவுக் கையோடு வெளியே ஓடிவந்து, கையைக் கன்னத்தில் வைத்து, கன்னமெல்லாம் மாவாக அழுதாள். கதம்ஷோவின் முகமும் மலர்ந்தது. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் அப்படியே இருந்தது. பிறகு சுருங்கியது.

"அவன்தான் மொதல்ல தூக்கியிருப்பான்," என்றார்.

அடுத்த நிமிடம் ஸாபிர் மூச்சிரைக்க வந்து நின்றான். "பெரியப்பா! யாரு சுட்டது?"

பேரன் பிறந்த செய்தியை முதலில் கொண்டுவருகிறவனுக்குத் தாய்வழித் தாத்தா தோளில் அங்கி போர்த்த வேண்டும். அதுதான் முறை. அங்கி பெட்டியில் மடித்துத் தயாராக இருந்தது. செய்தி கொண்டுவர ஆள் இல்லை. அந்த வெடி பள்ளத்தாக்கு முழுவதற்கும் போட்டது, ஆட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துப் போட்டது, தனக்கென்று போட்டதா?

"தெரியல," என்றார் கதம்ஷோ. "யோர்மமத்னு ஒருத்தன் வீடு. அங்க துப்பாக்கி இருக்கு."

ஸாபிர் எழுதிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் யோர்மமத் கூரையில் ஏறினார். வெள்ளைத் துணி சுற்றிய பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி, இக்கரையைப் பார்த்து நின்று, மேலே தூக்கினார். பாறைமேல் உட்கார்ந்திருந்த கதம்ஷோவுக்கு அங்கிருந்து தெரிந்தது ஒரு பெரிய ஆளும் ஒரு வெள்ளைப் பொட்டலமும்தான். தன் வீட்டில் பிறந்த பெண், அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை. மூக்கு எப்படி, காது எப்படி, அழுதால் குரல் எப்படி, ஒன்றும் தெரியாது. அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். அந்த ஆள் தோளில் அது எச்சில் வடிக்கும். இரண்டாம் நாள் கதம்ஷோ முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மறுபடி அக்கரையைப் பார்த்து உட்கார்ந்தார், வேலை கெட்டுப்போகிறதே.

ஏழாம் நாள், ஸவ்ரி கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் பாறைக்குப் போன அன்று, அக்கரைப் பாதையில் குதிரைகள் வந்தன. மேல் பள்ளத்தாக்கிலிருந்து, கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து. யோர்மமத் வீட்டுப் புகை மஞ்சளாகத் தடித்து எழுந்தது. தொட்டில் விருந்து. கதம்ஷோ எண்ணினார். கடைசியில் ஒரு வெள்ளைக் கழுதை வந்தது. அதன் முதுகில் சிவப்புச் சாயம் அடித்த ஒரு தொட்டில்.

தலைப்பிள்ளைக்குத் தொட்டில் தாய்வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அவர் செய்து வைத்திருந்தார். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வாதுமை மரத்தில் செய்தது, கால்கள் நாலும் ஒரே உயரம், ஆட்டினால் சத்தமே வராது. அது வீட்டு மூலையில் ஸவ்ரியின் நூல்கண்டுகளைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. பேரனுக்கு யாரோ ஒருவனுடைய தொட்டில், சாயம் அடித்தது, சந்தைச் சிவப்பு.

"ஒரு மாசம் பொறுக்க முடியாதா இவனுக்கு?" என்று ஆற்றைப் பார்த்துக் கேட்டார். "ஒரு வழி பண்ணிருப்பேனே!"

மத்தியானமே முகாமுக்குப் போனார். காலுறையை மேசைமேல் கவிழ்த்தார். லுகீன் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

"வெள்ளை பதினாறு," என்றான் ஸாபிர். "கறுப்பு ஒம்பது. அம்மாடி. சிவப்பு ஒண்ணு. எந்த வீடு பெரியப்பா?"

"யோர்மமத் வீடு. அன்னிக்கு மூணு வெடி வெச்சாங்களே, அதே வீடு."

லுகீன் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்டார்.

"யாரு இவங்கன்னு கேக்குறாரு."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். கதம்ஷோவின் நாக்கு நுனியில் அது இருந்தது. சிவப்புத் தொட்டில் கண்முன் ஆடியது.

"பறந்து போய்க் கேட்டுட்டு வர எனக்கு ரெக்க இல்ல," என்றார். "தூரத்து ஆளுங்க. காலுறையப் பாத்தா நாலு பள்ளத்தாக்கு."

சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதைத்தான் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் ஸாபிர் தோப்புக்கு வந்து மரங்களுக்கு நடுவில் அடி வைத்து அளந்தான். முகாமின் இயந்திரத் துப்பாக்கி விடியும்போது இங்கேதான் வரும் என்றான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஆத்துல தண்ணி கொறஞ்சிருக்கு. நாளைக்கு அந்தப் பதினாறு பேரும் இறங்கி வந்தா? அதுக்கு முன்னாடி நாம ஒரு சத்தம் குடுத்துடணுமாம்."

சத்தம்தானே, என்று நினைத்தார் கதம்ஷோ. குதிரைகள் மிரளும், விருந்தாளிகள் பானையை விட்டுவிட்டு ஓடுவார்கள், யோர்மமத்தின் விருந்து கெடும். கெடட்டும். அந்த நினைப்பில் ரொட்டியைக் கொஞ்சம் கூடவே சாப்பிட்டார். அன்றிரவு தூங்கினாரா என்று ஸவ்ரியைத்தான் கேட்க வேண்டும்.

விடியற்காலையில் ஸவ்ரி மேல் கொட்டிலுக்கு ஆடு கறக்கப் போயிருந்தாள். மூன்று சிப்பாய்கள் துப்பாக்கியைச் சக்கரத்தோடு இழுத்துவந்து பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒருவன் குண்டுப் பட்டையைக் கோத்தான். லுகீன் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மண்டியிட்டார்.

"ரொம்ப மேல வெச்சிருக்கீங்க போல?" என்றார் கதம்ஷோ. "குதிரை கீழ கட்டியிருக்கு."

"குதிரையா?" ஸாபிர் கொட்டாவி விட்டான். "கூரைக்குத்தான் குறி. அங்க மொதல்ல ஏறுறவன் தலைவனா இருப்பான், அவனைச் சாச்சா மத்தவன் செதறுவான்னு கமாண்டர் சொல்றாரு."

அந்தக் கூரையில் முதலில் ஏறுகிறவன் யார் என்று இந்த உலகத்தில் கதம்ஷோவைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

"அது... வயசானவங்கதான் ஏறுவாங்க, தம்பி."

"ஏன், கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கு வயசாகாதா?"

அக்கரையில் ஏணியின் மேல்முனை அசைந்தது. ஒரு தொப்பி வந்தது, அகலமான தோள் வந்தது. யோர்மமத் கூரைமேல் ஏறி நின்றார். கையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒன்று. லுகீன் கண்ணாடியைத் திருகினார், உதட்டைக் கடித்தார், கண்ணாடியைக் கழற்றி ஸாபிரிடம் நீட்டினார்.

"துணியில எதையோ சுத்தி வெச்சிருக்கானாம். துப்பாக்கியான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க பெரியப்பா. உங்க கண்ணைத்தான் நம்புறாரு."

இத்தனை நாள் ஆசைப்பட்ட கண்ணாடி கைக்கு வந்தது. கதம்ஷோ கண்ணில் வைத்தார். முதலில் ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும். பிறகு கூரை திடீரென்று மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. யோர்மமத்தின் தாடியில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கு தெரிந்தது. அவர் கையில் பிள்ளை.

எட்டு நாள் பிள்ளைக்கு முகம் என்று தனியாக ஏது? சிவப்பாக ஒரு சுருக்கம். ஆனால் அந்தச் சுருக்கம் கொட்டாவி விட்டது. விட்டு, மூக்கைச் சுளித்தது. இதைப் பார்க்காமல் எட்டு நாளா ஓட்டினோம் என்று கதம்ஷோ கண்ணாடியை இன்னும் அழுத்திக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

யோர்மமத் துணிக்குள் விரலை விட்டு, பிள்ளையின் கையை வெளியே எடுத்தார். அதைப் பிள்ளையின் உதட்டிலேயே ஒற்றினார். பிறகு அந்தச் சின்னக் கையைப் பிடித்து இக்கரையை நோக்கி, நேராக வாதுமைத் தோப்பை நோக்கி, நீட்டினார். கையை முத்தமிட்டு நீட்டுவது பெரியவர்களுக்குச் செய்கிற வணக்கம். பிள்ளையை மேலே தூக்கினார். பக்கத்தில் லால்மோ, மெலிந்துபோன முகத்தோடு, ஏணியைப் பிடித்துக்கொண்டு தோப்பையே பார்த்து நின்றாள்.

எட்டு நாளாக தினமும் இதைத்தான் செய்திருக்கிறான்.

சிப்பாய் குனிந்து ஒரு கண்ணை மூடினான். கதம்ஷோ கண்ணாடியைக் கீழே போட்டார். இரண்டடி எடுத்து வைத்து, உள்ளங்கையால் துப்பாக்கிக் குழலின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அது கொழந்தை," என்றார். "எம் பேரன். மூணு வெடி அவன் பொறந்ததுக்கு வெச்சது. பதினாறு பேரும் தொட்டில் விருந்துக்கு வந்தவங்க."

ஸாபிர் வாயைப் பிளந்தான். மொழிபெயர்த்தான். லுகீனின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. நேற்று ஏன் சொல்லவில்லை என்றார்.

"நீங்க கேக்கல."

"கேட்டேன்."

கதம்ஷோ தலை குனிந்தார். "கேட்டீங்க."

"பிறகு?"

"வயித்தெரிச்சல்."

"இதை எப்படிப் பெரியப்பா ருஷ்யப் பேச்சுல சொல்லுவேன்?" என்றான் ஸாபிர். ஏதோ சொல்லிப் பார்த்தான். "வயித்துவலியான்னு கேக்குறாரு."

"அந்த ஆளு கையில இருக்கான், எங்கையில இல்ல. அப்படிச் சொல்லு."

லுகீன் நம்பவில்லை. மகள் வீட்டைக் காப்பாற்ற இப்போது கதை கட்டுகிறாய், நேற்றுச் சொன்னது உண்மை, இன்று சொல்வது பொய், அல்லது எல்லாமே பொய் என்றார். கையை எடு என்றார். கதம்ஷோ கையை எடுக்கவில்லை. எடுக்காமலே அவசர அவசரமாகப் பேசினார். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவர் பேசியதில்லை.

"குதிரைங்களப் பாக்கச் சொல்லு. கீழ, சுவரோரம். ஒம்பதுல நாலு பெட்டை. மூணுக்கு அடியில குட்டி நிக்குது பாரு, பால் குடிக்குது. கொள்ளைக்கு வர்றவன் பால்குடி மறக்காத குட்டிய இழுத்துக்கிட்டு வருவானா? நேத்தே பாத்தேன். கறுப்புக் கல்லு மட்டும் போட்டேன். குட்டிக்குன்னு எங்கிட்ட கல்லு கெடையாது. வாய் இருந்திச்சு, சொல்லியிருக்கலாம். வேணும்னுதான் சொல்லல. பொய் சொன்னா ஒரு நாள் மாட்டிக்குவேன்னு, உண்மைய அரைவாசி சொன்னேன். போதுமா?"

லுகீன் தரையில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். நெடுநேரம் சுவரோரம் பார்த்தார். அக்கரையில் ஒரு குட்டி தாயின் வாலுக்கடியில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. யோர்மமத் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி ஏணியில் இறங்கினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

லுகீன் ஒரு வார்த்தை சொன்னார். சிப்பாய் குண்டுப் பட்டையைக் கழற்றினான். பிறகு அவர் கதம்ஷோவின் இடுப்பில் இருந்த காலுறையை உருவி, கற்களைத் தோப்பு வாய்க்காலில் கொட்டினார். நான் ஒரு பிள்ளையைக் கொன்றிருப்பேன், என்று சொன்னார். அதை மட்டும் அவரே திக்கித் திக்கி ஊர்ப் பேச்சில் சொன்னார்.

பதினோரு நாள் கதம்ஷோவை முகாமின் மாவு அறையில் பூட்டி வைத்தார்கள். அடிக்கவில்லை. வேளாவேளைக்கு ரொட்டி கொடுத்தார்கள். ஆனால் அந்த அறைக்கு ஆற்றுப் பக்கம் ஜன்னல் கிடையாது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்தபோது ஸவ்ரி பத்து நாள் பேசவில்லை. கிண்ணத்தைத் தூரத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். பதினோராம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"மூக்கு எப்படி இருந்திச்சு?"

"எங்க மூக்கு."

"எட்டு நாள் கொழந்தைக்கா?"

"நான் கண்ணாடியில பாத்தேன். நீ பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் கதம்ஷோ கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது ஸவ்ரிக்கு எவ்வளவு உறுத்தியது என்பதைப் பாத்திரங்கள் விழுந்த சத்தத்தில் தெரிந்துகொள்ளலாம்.

முகாமுக்கு இப்போது வேறு கண். கீழ்வீட்டு பக்தோவர். புகை நீலமா மஞ்சளா என்றே அவனுக்குத் தெரியாது, அதனால் தூரக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டார்கள். கதம்ஷோ அதைக் கேள்விப்பட்டபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு ஒரு பை வாதுமைப் பருப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுப் பக்கம் சும்மா போவதுபோலப் போனார்.

"ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேன்டா."

"போன தடவையும் இதான் சொன்னீங்க. மத்தியானம்வரைக்கும் தரல."

"புகை இப்ப என்ன கலர்னு சொல்லு பாப்போம்?"

"...புகைக் கலர்தான்."

"குடுடா இங்க."

இப்படியே பிள்ளைக்குப் பல் முளைத்ததைப் பார்த்தார். பல்லா சோற்றுப் பருக்கையா என்று பக்தோவரோடு சண்டை போட்டார். யோர்மமத் பிள்ளையைக் கழுத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரபாப் வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்து, காது கெட்டுப்போகும் என்று ஸவ்ரியிடம் பொருமினார். கோடையில் பிள்ளைக்குத் தலையில் போட்டிருந்த தொப்பி ரொம்பச் சின்னது, அந்த வீட்டில் யாருக்கும் அளவு தெரியாது என்றார். தினமும் காலையில் அவரும் தன் கூரையில் ஏறுகிறார். யோர்மமத் பிள்ளையின் கையை நீட்டும்போது இவரும் தன் கையை முத்தமிட்டு அக்கரைக்கு நீட்டுகிறார். "கொழந்தைக்குத்தான், அந்த ஆளுக்கு இல்ல," என்று கீழே நிற்பவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் நீட்டுவார்.

பிள்ளைக்கு இப்போது பதினோரு மாதம். இன்று காலையில் கதம்ஷோ கூரையிலிருந்து ஏணியின் கடைசி நாலு படியைத் தவறவிட்டு விழுந்து எழுந்து, முழங்கால் சிராய்ப்போடு அடுப்படிக்கு ஓடிவந்தார். ஸவ்ரி என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் இவரே சொன்னார்:

"ரெண்டு அடி வெச்சான், ஸவ்ரி. தானா நின்னு, ரெண்டும் நம்ம பக்கமாத்தான் வெச்சான். மூணாவது வெக்கிறதுக்குள்ள அந்த ஆளு தூக்கிட்டான்."